முப்பத்தொன்பது பேருக்குக் கண் தெரியாது

“டயகமயில ஒரே தேயிலைத் தோட்டத்துல முப்பத்தொன்பது பேருக்குக் கண்ணு தெரியலையாம்.” பிரேமினி கணினியை மதுரன் பக்கம் திருப்பினாள்.

ஹட்டன் அலுவலகத்தில் அவள்தான் மேலாளர். இணையவழிக் காளான் வளர்ப்புப் பயிற்சிக்குப் பாடம் தயாரிப்பவன் மதுரன். வீடியோவில் காட்டுவதையெல்லாம் தன் குரலில் சொல்லும் ஒலிப்பாடம் ஒன்றைப் பார்வையில்லாதவர்களுக்காக மூன்று மாதம் மெனக்கெட்டுச் செய்திருந்தான். ‘பை வெளுத்துவிட்டது, தொட்டால் பஞ்சு மாதிரி இருக்கும்’ என்கிற கணக்கில் போகும் அது. கண் தெரியாது என்று பதிந்தவர்களுக்கு மட்டுமே அது கிடைக்கும்.

“அங்க சுலக்ஷனா ஒருத்திக்குத்தான் நெசமாவே பார்வை இல்ல. மிச்சப் பேரெல்லாம் பொய்யா பதிஞ்சிருக்காங்க. பாடம் கேட்ட நேரத்தைப் பாருங்க, காலையில எட்டு மணியிலருந்து நாலு மணி வரைக்கும். வேலைக்குப் போகாம வீட்டுல உக்காந்து வெளையாடுறாங்க.”

“ஒருக்கா விசாரிச்சிட்டு முடிவு பண்ணலாமே மிஸ்.”

“விசாரிப்போம். பொய்யின்னா ஒலிப்பாடத்தையே நிப்பாட்டிருவேன்.”

நிறுத்தினால் சுலக்ஷனாவின் படிப்பு பாதியில் நின்றுவிடும். அவள் இப்போதுதான் முதல் பையில் விதை போட்டிருந்தாள்.

மறுநாள் காலை இருவரும் டயகம போனார்கள். பட்டியலில் சுலக்ஷனாவுக்கு அடுத்த பெயர் நாகலெட்சுமி. லயத்து வீட்டில் ஆள் இல்லை, மலையில் கொழுந்து எடுக்கிறாள் என்றார்கள். பிரேமினி செருப்போடு விறுவிறுவென்று மலை ஏறினாள், மதுரன் தொங்கிய முகத்தோடு பின்னால் போனான்.

இருபதடி தூரத்தில் நின்ற நாகலெட்சுமி, “மிஸ், ஒங்க கால்ல அட்டை ஏறுது. தட்டி விடுங்க” என்றாள்.

பிரேமினி அட்டையைத் தட்டிவிட்டாள். திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் அவள் முகத்தில். “அம்புட்டுத் தூரத்துல இருந்து அட்டை தெரியுது. ஆனா கண்ணு தெரியாதுன்னு பதிஞ்சிருக்கீங்க.”

நாகலெட்சுமி ஒரு கையால் தலைத்துணியை விலக்கிக் காதிலிருந்து இயர்போனைக் கழற்றினாள். இன்னொரு கை கொழுந்து கிள்ளுவதை நிறுத்தவில்லை. வரிசையில் நின்ற மற்றப் பெண்களின் தலைத்துணிகளுக்குள்ளிருந்தும் ஆளுக்கொரு வயர் எட்டிப் பார்த்தது. மதுரனின் குரல் மலை முழுக்கச் சன்னமாகக் கேட்டது.

“சுலக்ஷனாதான் இந்தப் பாடத்தை எங்களுக்குக் காட்டுச்சுங்க. மலையில நிக்கையில கண்ணும் கையும் தோட்டத்துக்கு மிஸ். காது மட்டுந்தான் எங்களுக்கு.”