சாட்சிக்கு ஒரு டம்ளர்

"இன்னிக்குக் கையெழுத்து வரலைன்னா, உங்க விளக்கையெல்லாம் கழற்றி எடைக்குப் போட்டுடுவேன்!"

தோல் ஆலை முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார்.

எஞ்சினியர் விளக்குகளை இன்னொரு முறை துடைத்துவைத்தார். ஆலையில் அவருக்கு 'விளக்கு சார்' என்றே பெயர். தோல் பதனிடும் மரப்பட்டைச் சாறு கலந்து, கழிவுநீர் கடுங்காப்பி நிறத்தில் வரும். அதில் ஒரு வெள்ளைப் பொடியைக் கலந்து ஊதா விளக்குகளுக்கு அடியில் ஓடவிடுவார். வெளிச்சம் பட்டதும் பொடி அந்தச் சாற்றைச் சிதைத்துவிடும். பொடியை வடிகட்டினால் தண்ணீர் கண்ணாடிதான். ஆறு வருட உழைப்பு.

பத்து மணிக்கு, கையெழுத்துப் போடவேண்டிய மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வந்தார். குழாயில் பிடித்த தண்ணீரை வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"நிறம் போயிடுச்சு, சரி. சிதைஞ்ச சாறு என்னவா மாறியிருக்கு? இதைக் கால்வாய்ல விட்டா, கீழ ஒரு ஊரே அதைக் குடிக்குது சார்."

"முழு அறிக்கை வர இன்னும் ஒரு மாசம் ஆகும் சார்..."

"அப்போ ஒரு மாசம் கழிச்சு வரேன்."

அதிகாரி பையை மூடினார். விளக்கு சார் ஓடிப்போய் வழியை மறித்தார்.

"சார், சார்! நானே அறிக்கைதான் சார். ரெண்டு வருஷமா தினம் காலையில இதுல ஒரு டம்ளர் குடிக்கிறேன். ஊற்றுத் தண்ணி தோத்துடும்! இந்த அம்மாவைக் கேளுங்க. அவங்கதான் கொண்டுவந்து குடுப்பாங்க."

குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்த ஆய்வுக்கூட உதவியாளர் அம்மா தலையைத் தூக்கவில்லை.

"என்னம்மா, வாய்ல பூட்டா? சொல்லுங்க!"

"ஆ... ஆமா சார். தினம் ஒரு டம்ளர் குடிக்கிறாரு."

அதிகாரி சிரித்துவிட்டார். "ரெண்டு வருஷமா? கல்லுமாதிரிதான் இருக்கீங்க. சரி, நீங்க குடிங்க, நானும் குடிக்கிறேன். குடிச்ச கையோட கையெழுத்துப் போட்டுடறேன்."

அவரே குழாயைத் திறந்து இரண்டு கண்ணாடி டம்ளரை நிரப்பினார். விளக்கு சாருக்குக் கண் கலங்கிவிட்டது. இருவரும் டம்ளரை உதட்டருகே கொண்டுபோனார்கள்.

படாரென்று இரண்டும் தரையில் விழுந்து உடைந்தன. தட்டிவிட்டது அந்த அம்மா.

"பைத்தியமா உனக்கு?" விளக்கு சார் கத்தினார். "என் ஆறு வருஷத்தையும் ஒரே தட்டுல கொட்டிட்டியே! எந்த ஆலைக்காரன் ஏவிவிட்டான் உன்னை? வெளியே போ!"

"இருங்க சார்" என்றார் அதிகாரி. "ஏம்மா தட்டிவிட்டீங்க?"

அந்த அம்மா அதிகாரியைப் பார்க்கவில்லை. விளக்கு சாரைத்தான் பார்த்தாள்.

"மன்னிச்சுடுங்க சார். மொத வாரம் இதைக் குடிச்சுட்டு மூணு நாள் வாந்தியில சுருண்டு கிடந்தீங்க. ஓட்டல் சாப்பாட்டு மேல பழியைப் போட்டீங்க. சொன்னா நம்ப மாட்டீங்க, பார்த்துக்கிட்டு இருக்கவும் எனக்கு மனசு வரலை. அன்னிக்கிருந்து வீட்டுல காய்ச்சி, ஆறவெச்சு உங்களுக்கு நான் கொண்டுவந்து குடுத்தது எங்க ஊர்க் கால்வாய்த் தண்ணி சார்."