எதிர்ப் பாறை

வெள்ளிமலையின் விளிம்பில் நின்று, எழுபது வயது இருசப்பன் “அப்பா” என்று கூவினார். எதிர்ப் பாறையும் “அப்பா” என்றது.

“தினம் இதே வேலை. செத்துப்போன அப்பாவக் கூப்ட்டுக்கினு இருக்காரு,” என்றார் ஜீப் டிரைவர்.

அறிவியல் கூட்டம் நடத்த வந்திருந்த ஆசிரியை பெரியநாயகிக்குப் பொறுக்கவில்லை.

“பெரியவரே, அங்க உங்கப்பா இல்லீங்க. பந்து செவுத்துல பட்டுத் திரும்புதில்ல, அதுமாதிரி உங்க சத்தம்தான் பாறையில பட்டுத் திரும்புது.”

“தெரியும் டீச்சர். எங்கப்பாவ நான் கூப்புடல.”

“பின்ன யாரை?”

“எம் பையன் தவறுனதுலருந்து என்னை அப்பிடிக் கூப்புட ஆளில்ல.”

மறுபடி கூவினார். பாறையிலிருந்து “அப்பா” வந்தது.

“இன்னாடா,” என்றார், அது திரும்பி வராத அளவுக்கு மெதுவாக.