தினம் இரண்டு முட்டை

1958 பங்குனியில், இரண்டு வயதாகியும் மகள் அழகம்மாளுக்குப் பேச்சு வரவில்லையென்று மலையாண்டியும் ராசாத்தியும் இலுப்பூர் டாக்டரம்மாவிடம் வந்திருந்தனர். அவர் குழந்தையின் மெலிந்த கையைப் பிடித்துப் பார்த்தார்.

"இந்த வயசுல முட்டை, பயறு சேரலைன்னா மூளை வளராதுங்க. வீட்டுல வாங்குறதுண்டா?"

"என்னங்கம்மா இப்புடிக் கேட்டுப்புட்டீங்க? தெனம் ரெண்டு முட்டை, ஊறவச்ச கடலை, உளுந்து!" என்று மார்தட்டினார் மலையாண்டி.

"அம்புட்டையும் தின்னுமா இப்புடி இருக்கா?"

"அது இவுக சல்லிக்கட்டுக் காளைக்குங்கம்மா. புள்ளைக்கு வெறும் கஞ்சித்தண்ணிதான்" என்றாள் ராசாத்தி.

மலையாண்டி தலைகுனிந்தார். மறுநாளே முட்டை தொழுவத்திலிருந்து அடுக்களைக்கு மாறியது.

அடுத்த தையில், வாடிவாசலைத் தாண்டியதுமே காளை பிடிபட்டது. ஊரே கைகொட்டிச் சிரித்தது. மலையாண்டியோ துள்ளிக் குதித்தார். அவர் தோளிலிருந்த அழகம்மாள் முதன்முதலாக ஒரு முழு வாக்கியம் பேசியிருந்தாள்:

"அப்பா, நம்ம மாட்டைப் புடிச்சிட்டாக!"