இரண்டு விரல்

ஓசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. மூன்று மணி வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலோடு கட்டில்மேல் விழுகிறது. சாவைப் பற்றி நோயாளிகள் என்ன நினைக்கிறார்கள் என்று ஏதோ கல்லூரியிலிருந்து கேள்வித்தாள் கொடுத்து அளக்கிறார்களாம். நர்ஸ் கிருபாராணி அதைப் படித்துக் காட்டுகிறாள். நர்ஸுகளுக்குத் தனித்தாள். ‘நோயாளியிடம் உண்மையை மறைக்கமாட்டேன்’ என்பதற்குக் காலையில்தான் ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தாள். கட்டிலில் திருநெல்வேலிக்காரர் சுடலைமுத்து. பதினோரு வருடம் ஃபவுண்டரித் தூசியை இழுத்த நெஞ்சு இப்போது மூச்சோடு மல்லுக்கட்டுகிறது.

“‘எனக்கு இன்னும் எத்தனை நாள் என்று அறிய விரும்புகிறேன்.’ ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்கண்ணா.”

அவர் இரண்டு விரலைக் காட்டுகிறார். ‘அவ்வளவாக விருப்பமில்லை’ என்றிருக்கும் இரண்டை அவள் வட்டமிடுகிறாள்.

“நம்பர் இல்ல சிஸ்டர். எனக்கு வெளங்காதுன்னு நெனச்சு நேத்து டாக்டரும் நீங்களும் கன்னடத்துல பேசுனியளே, எரடு தினா, ரெண்டே நாளுன்னு. மிஷின்ல எங்கூட நின்னவன் கன்னடக்காரன்தான்.”

பேனா தாளிலேயே நிற்கிறது. ஆக்ஸிஜன் பாட்டிலில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருக்கிறது. காட்டிய இரண்டு விரலில் ஒன்றை அவர் மெல்ல மடக்குகிறார்.