நடந்து ஏறிய சரக்கு

புகைக்கப்பல் வராத காலம். பதினெட்டு வருஷம் அரிசியும் துணியும் சுமந்த மரகதவல்லி என்ற பாய்க்கப்பல் புது முதலாளியிடம் கைமாறியது. முதல் நாளே சரக்கு தானாக நடந்து ஏறியது.

"இதென்ன, மூட்டைக்குக் கால் முளைத்திருக்கிறதே!" என்றது கப்பல்.

"மூட்டையில்லை, மனுஷர்கள். விலங்கு போட்டு விற்கக் கொண்டுபோகிறார்கள்" என்றது பாய்மரம்.

அரிசி அடுக்கும் இருட்டறைக்குள் ஒரு பெண் கைக்குழந்தையோடு குனிந்து நுழைந்தாள். கப்பல் கடலடியில் கிடந்த நங்கூரத்தைக் கூப்பிட்டது.

"அண்ணே, நான் போகமாட்டேன். சேற்றைக் கெட்டியாகப் பிடிச்சுக்குங்க!"

நங்கூரம் பிடித்த பிடியை விடவில்லை. இழுத்துச் சலித்த மாலுமிகள் கயிற்றைக் கோடரியால் வெட்டினார்கள்.

நல்ல காற்று வீசியது. கப்பலின் பாய்கள் வழக்கம்போல் ஆசையாய் விரிந்தன.

"ஐயோ, நானா போகிறேன்?" என்று அலறிக்கொண்டே அது வேகமெடுத்தது.