சேறு படாத செருப்பு

வெள்ளத்தில் இடிந்த அவள் வீடு இப்போது அருங்காட்சியகச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் புகைப்படமாக, மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் மினுமினுத்துக்கொண்டு தொங்குகிறது. ஏசிக் குளிரில் யாரோ பூசி வந்த சென்ட் வாடை குமட்டுகிறது. "வெளிச்சம் என்னமா விழுந்திருக்கு பாரேன்!" என்று ஒருவர் அவளுடைய உடைந்த அடுப்பைச் சுட்டிக்காட்டியபடி பிஸ்கட்டைக் கடிக்க, தூள் உதிர்கிறது. படத்தின் நடுவே, சேற்றின் மேல், ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு கிடக்கிறது. சிவப்புச் செருப்பு; அதன்மேல் பொட்டுச் சேறு இல்லை. "இவங்க வீடுதாங்க இது," என்று படமெடுத்தவன் அவளையும் அவள் கணவனையும் கூட்டத்துக்குக் காட்டுகிறான். கணவன் கூச்சத்தோடு சட்டையை இழுத்துவிட்டுக்கொள்கிறான். கண்ணை ஒற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் ஓடிவந்து அவள் கையைப் பற்றுகிறாள். "பச்சைப் புள்ளையக் கொண்டுபோயிடுச்சே பாவி வெள்ளம்! என்ன வயசும்மா?" கணவன் தலை குனிகிறது. படமெடுத்தவன் சட்டென்று விளக்கைப் பார்க்கிறான். அவளுக்கு வாயெல்லாம் கசப்பு ஊறுகிறது. துப்பலாமென்றால் தரை முகம் பார்க்கிற மாதிரிப் பளபளக்கிறது. விழுங்கிக்கொள்கிறாள். "எங்களுக்குக் குழந்தையே இல்லைங்க," என்கிறாள். பிறகு படமெடுத்தவன் பக்கம் திரும்பி, "கொஞ்சம் சேறாவது பூசி வச்சிருக்கலாமே, தம்பி."