புதன்கிழமை போர்டு

"ரெண்டாவது இடம்! இப்பத்தான் ரேடியோல சொன்னான். கேட்டியா கண்ணு?"

வேல்ஸிலிருந்து அப்பா பேசினார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரேடியோவில் அந்த வாரத்தின் முதல் இருபது பாடல்களைப் போட்டு முடித்ததும், தேவாலயத்துக்குப் போகிற வழியில் டெலிபோன் கூண்டில் நின்று காசு போட்டுக் கூப்பிடுவார். ஏழு வாரமாக இதே பேச்சுதான்.

"கேட்டேன்ப்பா" என்றாள் கிளெனிஸ்.

"என்னா குரல்! மேல ஏறுறதுக்கு முன்னாடி சின்னதா ஒரு மூச்சு இழுக்குது பாரு, அந்த இடத்துல எனக்கு உடம்பு சிலிர்த்துடுது. முப்பது வருஷமா கோரஸ்ல பாடுறேன், எனக்கு வருமா அது?"

"வெரிட்டி லேன்னா சும்மாவாப்பா?"

"ம்... இசைத்தட்டு அட்டையில அந்தம்மா படம்தான் போட்டிருக்கான்."

'என்னைப் பத்தி ஒரு வார்த்தை கேளுங்களேன்' என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் காசு தீர்ந்து பீப் பீப் என்று கத்தி லைன் போய்விட்டது. கிளெனிஸுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

லண்டனில் அந்த இசை நாடகம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே, அதிலிருந்து ஒரு பாட்டை மட்டும் இசைத்தட்டாக வெளியிட்டிருந்தார்கள். பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. தியேட்டரும் நிரம்பியது. கதாநாயகி வெரிட்டி லேன். அவளுக்கு முடியாத நாளில் மேடை ஏறிப் பாட வேண்டியவள் கிளெனிஸ். தினமும் திரை எழ அரை மணி நேரம் முன்பே வந்து, மாடி அறையில் தயாராக உட்கார்ந்திருக்க வேண்டும். வெரிட்டி நன்றாக இருந்தால், சும்மா உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எப்போதாவது கிளெனிஸ் பாடினால் கூட்டம் சும்மா இருக்குமா? "இசைத்தட்டுல கேட்ட குரலைக் கேக்க வந்தோம், யாரோ ஒருத்தியைப் பாட வைக்கிறீங்களே!" என்று கவுன்டரில் சண்டை. தொல்லை பொறுக்காமல் மேனேஜர் ஒரு போர்டு மாட்டினார்: 'இசைத்தட்டில் பாடியவர் இன்று பாடாவிட்டால், டிக்கெட்டைக் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறலாம்.' அதைக் கடக்கும்போதெல்லாம் கிளெனிஸ் தலையைக் குனிந்துகொள்வாள்.

திங்கட்கிழமை அவளுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. புதன் பகல் காட்சியன்று வெரிட்டிக்கு டிவி நிலையத்தில் வேலை. கிளெனிஸ்தான் பாட வேண்டும். உடனே ஊர்ப் பாதிரியார் வீட்டுக்குப் போன் போட்டு அப்பாவை வரவழைத்துப் பேசினாள்.

"வாங்கப்பா. நான் பாடறேன்."

ஆறு வருஷத்துக்கு முன்னால், "பாட்டு சோறு போடாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர். மேடையில் அவளை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"வரேன். டிக்கெட்டை நானே வாங்கிக்கிறேன்" என்றார்.

ஒரே ஒரு தடவை. அவர் உட்கார்ந்து கேட்டுவிட்டு, 'நல்லா இருந்துச்சு கண்ணு' என்று சொன்னால் போதும். புதன்கிழமை மத்தியானம் அதையே நினைத்துக்கொண்டு கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டிருந்தாள். மேனேஜர் செசில் ஓடி வந்தார்.

"கிளெனிஸ், மேக்கப்பைக் கலைச்சிடும்மா. நேத்து வந்த புதுப் பட்டியல்ல பாட்டு ஒண்ணாம் இடத்துக்கு வந்துடுச்சில்ல, டிவிக்காரங்களே கேமராவைத் தூக்கிட்டு இங்க வந்துட்டாங்க. வெரிட்டிதான் பாடுறா."

"சார்... எங்கப்பா வந்திருக்காரு. ராத்திரி ரயில் ஏறி வந்திருக்காரு."

"அடடா! போகட்டும், வெரிட்டி லேனையே நேர்ல பார்க்கக் குடுத்து வெச்சிருக்காரே, சந்தோஷப்படட்டும்." வாசல்வரை போனவர் திரும்பினார். "டிவிக்காரங்க ஏதாவது கேட்டா... வாயைத் திறக்க மாட்டேன்னு மே மாசம் கையெழுத்துப் போட்டிருக்கே, ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு சார்."

மையைத் துடைத்துக்கொண்டு முன் கூடத்துக்கு ஓடினாள். அங்கே கால் வைக்க இடமில்லை. "வெரிட்டியே பாடுறாளாம்!" என்று ஒரே கும்மாளம். அப்பா எங்கே? ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடும் அதே கறுப்பு கோட்டில், டிக்கெட் கவுன்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். போய் என்ன சொல்வது? தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டாள்.

"என்ன பெரியவரே, இன்னிக்குப் போய் டிக்கெட்டை வேணாங்கறீங்க?" கவுன்டர் அம்மாள் மோட் சிரித்தாள். "வெளிய ஒரு சீட்டுக்கு அடிச்சுக்கறாங்க. வெரிட்டி லேனே பாடுறாங்கய்யா!"

"அதனாலதான்மா வேணாங்கறேன்."

"நினைச்சா திருப்பித் தர முடியாது. போர்டுல போட்டிருக்கு, படிச்சீங்களா?"

"ரெண்டு தடவை படிச்சேன். இசைத்தட்டுல பாடினவங்க இன்னிக்குப் பாடலைன்னா பணம் வாபஸ். பாடலை. குடுங்க."

"உங்களுக்கென்ன கிறுக்கா? இசைத்தட்டு அட்டையில அவங்க படம் இருக்கே, பார்க்கலையா?"

"அட்டையில யார் படத்தை வேணாலும் ஒட்டிக்கோங்கம்மா" என்றார் அப்பா, டிக்கெட்டை அவள் பக்கம் மெல்லத் தள்ளி. "மேல ஏறுறதுக்கு முன்னாடி இழுக்குதே ஒரு மூச்சு, அது ஆறு வயசுல எங்க அடுப்படியில என் பக்கத்துல நின்னு பாடுறப்பவே இழுத்த மூச்சு. என் பொண்ணு பாடுற அன்னிக்கு வரேன்."